சுண்டைக்காய் கால் பணம்: செயற்கைப் புல்லின் பரப்பளவுக் கணக்கு

செயற்கைப் புல் பதிக்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு யோசிக்காமல் ஒரு தொகையைச் சொல்பவர் இன்னும் இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரே ரகப் புல்லாக இருக்கும், பதிப்பவரும் ஒருவராகவே இருப்பார். இருந்தும் 10 சதுர மீட்டர் முற்றத்துக்கு ஒரு விலை, 300 சதுர மீட்டர் தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு அதில் பாதி விலை என்று வரக்கூடும். முற்றத்துக்காரருக்குத் தன் தலையில் மிளகாய் அரைக்கிறார்களோ என்ற சந்தேகம் எழும். பெரும்பாலும் அப்படி இல்லை. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று பழமொழி சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இங்கே சுமைகூலி என்பது எது? ஒருவர் வந்து இடத்தை அளந்து, மண்ணைப் பார்த்து, விலைப்புள்ளி தயாரிக்க வேண்டும். ஆட்களும் கருவிகளும் வண்டியில் ஏறி வந்து இறங்க வேண்டும். மண்ணை இறுக்கும் காம்பாக்டர் எந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும்; அரை மணி நேரம் ஓட்டினாலும் ஒரு நாள் வாடகைதான். ஜல்லி கொண்டுவரும் லாரிக்கும், தோண்டிய மண்ணை அள்ளிப்போகும் லாரிக்கும் நடைக்கூலி உண்டு. லாரி நிறைந்ததா, பாதி காலியாகப் போனதா என்பது அந்தக் கூலிக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவி ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இவை எதுவும் பரப்பளவைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை.

ஆட்களின் நேரம் இன்னும் சிக்கலானது. நான்கு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு நான்கு மணி நேரக் கூலி என்று நாம் நினைப்போம். குழுவை அனுப்புபவருக்கு அது ஒரு முழு நாள். மதியம் இரண்டு மணிக்குக் கருவிகளைக் கட்டிக்கொண்டு இன்னொரு இடத்தில் போய்ப் புதிய வேலையைத் தொடங்க முடியாது. விற்க முடியாமல் போன அந்த அரை நாளின் கூலியும் முற்றத்துக்காரரின் கணக்கில்தான் ஏறும். பல ஒப்பந்தக்காரர்கள் 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று ஒன்றை வைத்திருப்பது இதனால்தான். அதற்குக் கீழே உள்ள எந்த வேலைக்கும் சதுர மீட்டர் விலை பேசுவதில் பொருளே இல்லை.

இதை எண்களில் பார்க்கலாம். பணத்தின் பெயர் வேண்டாம், அலகு என்றே வைத்துக்கொள்வோம். எந்த வேலைக்கும் மாறாத செலவு 1,000 அலகு. அதற்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 20 அலகு. 10 சதுர மீட்டர் வேலைக்கு மொத்தம் 1,200 அலகு, அதாவது சதுர மீட்டருக்கு 120. பரப்பை 20 ஆக்கினால் மொத்தம் 1,400, சதுர மீட்டருக்கு 70. 100 சதுர மீட்டரில் அது 30 ஆகிவிடுகிறது. 200இல் 25. 1,000இல் 21. 2,000இல் 20.5.

இந்தச் சரிவின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். 10 சதுர மீட்டரை 20 ஆக்கியவருக்குச் சதுர மீட்டர் விலையில் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 1,000 சதுர மீட்டரை 2,000 ஆக்கியவருக்கு இரண்டரை சதவீதம்கூடக் குறையவில்லை. பரப்பு கூடினால் விலை குறையும் என்று பொதுவாகச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை முழுவதும் வரைபடத்தின் இடது மூலையில், சிறிய பரப்புகளில்தான் குவிந்து கிடக்கிறது. ஏற்கெனவே பெரிய இடம் வைத்திருப்பவர் 'இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன், விலையைக் குறையுங்கள்' என்று பேரம் பேசினால் எதிரில் இருப்பவரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் மீதியிருக்காது. மொட்டை மாடியின் ஒரு மூலையோடு பக்கத்தில் உள்ள நடைபாதையையும் சேர்த்துச் செய்யலாமா என்று யோசிப்பவருக்குத்தான் உண்மையான லாபம்.

புல்லின் விலையே இன்னொரு படிக்கட்டு. ரோலிலிருந்து வேண்டிய நீளம் வெட்டி வாங்கினால் வெட்டுக்கூலியும், விற்பவரிடம் தங்கிவிடும் துண்டுக்கான ஈடும் விலையில் ஏறும். முழு ரோலாக வாங்கினால் குறையும். பல ரோல்களை ஆலையிலிருந்து நேரடியாகக் கன்டெய்னரில் இறக்குபவருக்கு இடையில் உள்ள கிடங்கு வாடகையும் இடைத்தரகும் இல்லை. தனக்கென்று ஒரு நிறமோ, ஓர் இழை உயரமோ வேண்டும் என்றால் ஆலை தன் எந்திரத்தை அதற்கென மாற்றியமைக்க வேண்டும். ஒரு முற்றத்துக்காக எந்த ஆலையும் அதைச் செய்யாது. சிறிய வேலைக்காரர் இருப்பில் உள்ளதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

ஆனால் இந்தத் தொழிலில் பரப்பளவைவிடக் குறும்பு செய்வது ரோலின் அகலம். செயற்கைப் புல் துணியைப்போலக் குறிப்பிட்ட அகலத்தில்தான் வருகிறது. 2 மீட்டர், 4 மீட்டர் அகலங்கள் பரவலாகக் கிடைப்பவை. துணிக்கு நெசவுவாக்கு இருப்பதுபோல் புல்லின் இழைகளுக்கும் ஒரு சாய்வு உண்டு. எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு துண்டைத் திருப்பிப் போட்டால் வெயிலில் அது மட்டும் வேறு பச்சையாகத் தெரியும். ஆகவே மிச்சத் துண்டை எப்படியாவது திருப்பித் திணித்து இடத்தை அடைத்துவிடலாம் என்பது நடக்காது.

5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 25 சதுர மீட்டர். 4 மீட்டர் ரோலில் ஒரு கீற்று விரித்தால் 1 மீட்டர் குறைகிறது. அந்த 1 மீட்டருக்காக இன்னொரு 5 மீட்டர் நீளம் வாங்க வேண்டும். வாங்கியது 40 சதுர மீட்டர், தேவையோ 25. தேவைக்கு மேல் 60 சதவீதம் சேதாரம். 50 மீட்டருக்கு 50 மீட்டர் இடத்துக்கும் இதே நிலைமைதான்: 12 கீற்று போதாது, 13 வேண்டும். ஆனால் 2,500 சதுர மீட்டருக்கு 2,600 வாங்கினால் சேதாரம் 4 சதவீதம் மட்டுமே. கடைசிக் கீற்றில் வீணாவது இரண்டு இடத்திலும் உண்டு. சிறிய இடத்தில் அந்தக் கடைசிக் கீற்றே பாதி வேலை.

கெட்டிக்காரத்தனமான ஒரு வழி இருக்கிறது. அந்த 5 மீட்டர் சதுரத்துக்கு இரண்டாவது கீற்றை முழுதாக வாங்காமல் ரோலில் 1.25 மீட்டர் நீளம் மட்டும் வெட்டி, அதை 1 மீட்டர் அகலத் துண்டுகள் நான்காகப் பிளந்து, ஒன்றின் வாலோடு அடுத்ததன் தலை சேர வரிசையாக ஒட்டினால் 5 மீட்டர் நீளம் வந்துவிடும். சாய்வும் மாறாது, காகிதத்தில் சேதாரம் பூஜ்யம். ஆனால் ஒரு நீண்ட மூட்டோடு மூன்று குறுக்கு மூட்டுகளும் சேரும். குறுக்கு மூட்டுகள்தான் கண்ணுக்குச் சட்டென்று தெரிபவை, முதலில் பிரிபவையும் அவைதாம். புல்லில் மிச்சம் பிடித்ததை ஒட்டுக்கூலியிலும் பின்னால் பழுதுபார்ப்பதிலும் கொடுக்க வேண்டிவரும். முற்றத்தின் ஓரத்தில் 1 மீட்டருக்குப் பூச்செடிப் பாத்தியோ கல்பாவியோ போட்டுவிட்டு 4 மீட்டரோடு நிறுத்திக்கொள்வதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். இடத்தின் அளவுக்கு ரோலைத் தேடுவதைவிட ரோலின் அளவுக்கு இடத்தை வரைவது எளிது; வரையும் கட்டத்தில் அதற்குச் செலவும் இல்லை. ஒரே எச்சரிக்கை: சுவர்கள் நேராக இருப்பதில்லை, ஓரத்தை நறுக்கிச் சீராக்கவும் சில சென்டிமீட்டர் வேண்டும். நான்கு மீட்டர் இடத்துக்கு நான்கு மீட்டர் ரோல் கச்சிதமாக உட்காரும் என்று நம்பினால் ஒரு மூலையில் இரண்டு விரல் குறையும்.

வடிவம் பரப்பளவை எப்படி ஏய்க்கிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. 100 சதுர மீட்டரை மூன்று விதமாக வரையலாம். 10க்கு 10 சதுரம், 25க்கு 4 நீள்சதுரம், 50க்கு 2 பட்டை. சதுரத்துக்கு மூன்று கீற்று வேண்டும்: 120 சதுர மீட்டர் புல், 20 மீட்டர் நீளத்துக்கு மூட்டு, 40 மீட்டர் சுற்றளவு. 25க்கு 4 இடத்துக்கு ஒரே ஒரு ரோல், மூட்டே இல்லை, சுற்றளவு 58 மீட்டர். 50க்கு 2 பட்டைக்கு அதே ரோலை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் போதும். குறுக்கே 2 மீட்டருக்கு ஒரே மூட்டு, ஆனால் சுற்றளவு 104 மீட்டர். மூன்றுக்கும் ஒரே சதுர மீட்டர் விலையைச் சொல்பவர் யாரோ ஒருவருக்கு அதிகமாகவும் யாரோ ஒருவருக்குக் குறைவாகவும் சொல்கிறார்.

சுற்றளவு ஏன் முக்கியம்? நடுப்பகுதியில் புல்லை விரிப்பது விரைவான வேலை. நேரம் போவது ஓரத்தில்தான். கத்தியால் நறுக்க வேண்டும், விளிம்புக்கட்டை பதிக்க வேண்டும், நெருக்கமாக ஆணி அடிக்க வேண்டும், சுவரின் வளைவுக்கும் தூணுக்கும் மரத்தடிக்கும் ஏற்பச் செதுக்க வேண்டும். 2 மீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 2 மீட்டர் ஓரம் வருகிறது. 20 மீட்டர் சதுரத்தில் 20 சென்டிமீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு. பெரிய இடத்தின் நடுவே நான்கு மரங்களும் ஒரு சிறு குளமும் இருந்தால் அதுவும் சிறிய இடங்களின் தொகுப்பாகவே நடந்துகொள்ளும்.

மூட்டில் மட்டும் கணக்கு தலைகீழாகிறது. 4 மீட்டருக்குள் அடங்கும் இடத்துக்கு மூட்டே கிடையாது. 50 மீட்டர் சதுரத்தில் 12 மூட்டுகள், ஒவ்வொன்றும் 50 மீட்டர், மொத்தம் 600 மீட்டர். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய கால் மீட்டர். இடம் எவ்வளவு பெரிதானாலும் இது இதற்குக் கீழே இறங்காது, ஏனென்றால் ரோலின் அகலம் மாறுவதில்லை. மூட்டுப்பட்டை விரித்து, பசை தடவி, இரு விளிம்பும் ஒன்றை ஒன்று ஏறாமலும் இடைவெளி விடாமலும் சேர்ப்பது கைத்தேர்ச்சியைக் கேட்கும் வேலை. இந்த ஒரு இனத்தில் சிறியவருக்குத்தான் வெற்றி.

புல்லுக்கு அடியில் இருப்பதுதான் பெரும்பாலான மண்தரை வேலைகளில் கனமான பகுதி, இரண்டு பொருளிலும். 20 சதுர மீட்டர் இடத்தில் 10 சென்டிமீட்டர் தோண்டினால் 2 கன மீட்டர் மண் வரும். தோண்டிய மண் உப்பிக்கொள்ளும் என்பதால் லாரியில் அது இரண்டரை கன மீட்டராக நிற்கும். அந்தக் குழியில் இறுக்கி நிரப்ப 4 டன் அளவுக்கு ஜல்லியும் கல்தூளும் வேண்டும். லாரிக்கு அது சின்னச் சுமை, நடைக்கூலியோ முழுசு. அதிலும் வீட்டின் பின்புறம் போக ஒரு மீட்டர் சந்துதான் வழி என்றால் தோண்டும் எந்திரம் உள்ளே நுழையாது. 4 டன்னும் கைவண்டியில் போக வேண்டும், தோண்டிய மண்ணும் கைவண்டியில் வர வேண்டும். சிறிய வேலை விலை உயர்ந்ததாக இருப்பதற்குப் பல இடங்களில் உண்மையான காரணம் அதன் சிறுமை அல்ல, அந்தச் சந்துதான். வழி அகலமாக உள்ள சிறிய இடம், வழி குறுகிய பெரிய இடத்தைவிடச் சதுர மீட்டர் கணக்கில் மலிவாக முடிந்தாலும் வியப்பில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பால்கனியிலும் மொட்டை மாடியிலும் அடித்தள வேலையே இல்லை. கான்கிரீட் ஏற்கெனவே சாய்வோடு இருக்கிறது, தண்ணீர் போக வழி இருக்கிறது. 6 சதுர மீட்டர் பால்கனிக்கு ஒரு துண்டுப் புல்லும் கூரிய கத்தியும் போதும். பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். மாறாத செலவு என்று மேலே சொன்ன 1,000 அலகு இங்கே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பரப்பு சிறிதென்பதால் விலை உயரும் என்ற விதி, ஆளும் எந்திரமும் வர வேண்டிய இடத்துக்குத்தான் பொருந்தும்.

இனி மறுகோடிக்குப் போவோம். பரப்பு கூடக் கூட விலை இறங்கிக்கொண்டே போகும் என்று நினைத்துப் பெரிய மைதானத்தின் விலைப்புள்ளியைப் பார்ப்பவருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. சதுர மீட்டர் விலை வீட்டுத் தோட்டத்தைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். காரணம், அது பெரிய தோட்டம் அல்ல, வேறொரு பொருள்.

105 மீட்டருக்கு 68 மீட்டர் என்பது சர்வதேசக் கால்பந்து ஆட்டங்களுக்கான வழக்கமான அளவு; 7,140 சதுர மீட்டர். கோட்டுக்கு வெளியே ஓடி நிற்கும் ஓரங்களையும் சேர்த்தால் 8,000 என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் மழைநீர் அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிடும், இல்லையென்றால் ஓரமாக வழிந்துவிடும். ஒரு பெருமழையில் 8,000 சதுர மீட்டரில் விழும் நீருக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. அடியில் வடிகுழாய்கள், அவற்றைச் சேர்க்கும் பெருங்குழாய், அது போய் முடியும் இடம், எல்லாம் பொறியாளரின் வரைபடத்தில் வர வேண்டும். அடித்தளம் 20 சென்டிமீட்டர் என்றால் 1,600 கன மீட்டர். இறுகிய ஜல்லி கன மீட்டருக்கு 2 டன் என்று கொண்டால் 3,200 டன். லாரிக்கு 16 டன் வீதம் 200 லோடு. அந்த லாரிகள் மண்ணில் புதையாமல் வந்துபோக ஒரு தற்காலிகப் பாதையே போட வேண்டியிருக்கும். தளத்தின் மட்டத்தை லேசர் வழிகாட்டும் எந்திரம் சீராக்க வேண்டும். 3 மீட்டர் நேர்கோலை எங்கே வைத்தாலும் அடியில் 10 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் தெரியக் கூடாது என்பது ஃபிஃபா எதிர்பார்க்கும் அளவு. வீட்டுத் தோட்டத்தில் அந்தக் கோலை யாரும் வைத்துப் பார்ப்பதில்லை.

இதோடு, விழுபவரின் எலும்பைக் காக்கப் பல மைதானங்களில் புல்லுக்கு அடியில் அதிர்ச்சி தாங்கும் மெத்தை. புல்லின் இழை நீளமானது, அதனால் இழைகளுக்கு இடையே தூவும் மணல், ரப்பர்த் துகள் போன்ற நிரப்புப் பொருளும் அதிகம். வேலை முடிந்ததும் பந்து எவ்வளவு எழும்புகிறது, எவ்வளவு தூரம் உருள்கிறது, தரை எவ்வளவு அதிர்ச்சியை வாங்குகிறது, காலணி திரும்பும்போது எவ்வளவு பிடிக்கிறது என்று சோதனைகள். ஃபிஃபாவின் தரச் சான்றுகளில் மேல்நிலையான 'குவாலிட்டி புரோ'வுக்கு ஆண்டுதோறும் மறுசோதனை உண்டு. டெண்டர், காப்பீடு, உத்தரவாதத் தொகை, மேற்பார்வையாளர் என்று காகிதச் செலவும் கூடுகிறது. விலைக்கோடு சரிந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் படியேறி, மறுபடி அங்கிருந்து சரியத் தொடங்குகிறது. ஒரு மைதானத்துக்குப் பதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மைதானங்களாகப் போட்டால் இரண்டாவது மலிவாக வரும். இதைத் தோட்டத்தோடு ஒப்பிடுவதுதான் தவறு.

பரப்பளவு இந்தப் பொருளின் வரலாற்றிலேயே ஒரு விளையாட்டு காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965இல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம், கூரை போட்ட பேஸ்பால் அரங்கம். கூரையின் ஒளிபுகும் நெகிழித் தகடுகள் வழியாக வந்த ஒளியில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை; கூரைக்கு வண்ணம் பூசினார்கள்; ஒளி குறைந்து புல் செத்துப்போனது. மாற்றாக மான்சாண்டோ நிறுவனம் உருவாக்கியிருந்த செயற்கைப் புல்லைப் பதிக்க முடிவாயிற்று. 1964இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரப் பள்ளி ஒன்றில் பதிக்கப்பட்டது தவிர அதற்குப் பெரிய முன்னனுபவம் இல்லை. 1966 ஏப்ரலில் ஆட்டப் பருவம் தொடங்கியபோது கைவசம் இருந்த புல் உள்வட்டத்துக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. வெளிக்களம் சாயம் பூசிய மண்ணாகவே கிடந்தது. ஜூலையில்தான் மீதியைப் பதித்து முடித்தார்கள். அந்தப் புல்லுக்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த அரங்கிலிருந்து வந்ததுதான். பெரிய வேலை என்றால் சலுகை கிடைக்கும் என்பதோடு, பொருள் கிடைக்குமா என்ற கேள்வியும் சேர்ந்தே வரும் என்பதை முதல் பெரிய வாடிக்கையாளரே அனுபவித்துவிட்டார்.

நிரப்புப் பொருளிலும் அளவு தன் வேலையைக் காட்டுகிறது. 20 சதுர மீட்டருக்குச் சதுர மீட்டர் கணக்கில் 10 கிலோ மணல் என்றால் 25 கிலோ மூட்டை எட்டு. தோளில் தூக்கி, கையால் தூவி, துடைப்பத்தால் தள்ளி முடித்துவிடலாம். மூட்டையில் வாங்குவதால் கிலோ விலை அதிகம், ஆனால் மொத்தமே சிறிய தொகை. 8,000 சதுர மீட்டருக்கு 15 கிலோ என்றால் 120 டன். இங்கே எந்திரம் தூவும், எந்திரம் வாரும், கிலோ விலையும் குறையும். ஆனால் எதை நிரப்புவது என்ற முடிவு தப்பினால் இழப்பும் அதே அளவுக்குப் பெரிது. பழைய டயரிலிருந்து அரைத்த ரப்பர்த் துகள் பரவலாகப் பயன்படுகிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் நுண்நெகிழிகளுக்குக் கொண்டுவந்த விதியின்படி அத்தகைய துகள்களை 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்க முடியாது. வீட்டுத் தோட்டக்காரர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே மைதானம் போடும் நகராட்சி கவலைப்பட்டாக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பலர் செய்யும் ஒரு தவறு, வேலையைத் தவணையாகப் பிரிப்பது. இந்த ஆண்டு முன்புறம், அடுத்த ஆண்டு பின்புறம். பணம் பிரிகிறது என்பது சரி, ஆனால் மாறாத செலவை இரண்டு முறை கட்டுகிறீர்கள். அதோடு அடுத்த ஆண்டு வரும் ரோல் வேறு உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்தது. ரகத்தின் பெயர் அதே இருக்கும், பச்சை சற்றே மாறியிருக்கும். முதல் பாதி வெயிலில் ஓராண்டு காய்ந்தும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் என்றால் அந்தக் கோடு கடைசிவரை கண்ணை உறுத்தும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் அடித்தள வேலையையும் புல்லையும் ஒரே மூச்சில் வாங்கிவிட்டு, வேறு வேலைகளைத் தள்ளிப்போடுவது மேல். பக்கத்து வீட்டாரும் இதே எண்ணத்தில் இருந்தால் ஒரே வாரத்தில் இருவரும் செய்துகொள்ளலாம்: ஒரே லாரி, ஒரே காம்பாக்டர், ரோலில் உங்களுக்கு மிஞ்சிய துண்டு அவருக்கு.

விலைப்புள்ளி வாங்கும்போது ஒற்றைத் தொகையாக வாங்காமல், வந்துபோகும் செலவு, தோண்டி அகற்றல், அடித்தளம், புல், மூட்டும் ஓரமும், நிரப்பு என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது. புல் எத்தனை சதுர மீட்டர் என்ற வரியில் உங்கள் இடத்தின் பரப்பு எழுதியிருக்கிறதா, வாங்கப்போகும் பரப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் சேதாரம் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. சதுர மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டு இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, சிறிய வேலைகளில் அநேகமாகக் குருட்டாட்டம்தான்.

பத்தாண்டு கழித்துப் புல் தேய்ந்து மாற்ற வேண்டிய நாள் வரும்போது கணக்கு மறுபடி கலைகிறது. நன்றாகப் போட்ட அடித்தளம் அப்படியே இருக்கும், ஆகவே சிறியவருக்கும் பெரியவருக்கும் இரண்டாம் முறை மலிவு. ஆனால் பழையதை அப்புறப்படுத்துவது எடைக்கணக்கு. அதில் மொத்தத்துக்குச் சலுகை அவ்வளவாக இல்லை. முற்றத்தின் புல்லைச் சுருட்டி ஒரு வண்டியில் ஏற்றிவிடலாம். ஒரு முழு மைதானத்தின் புல்லும் மணலும் ரப்பரும் சேர்ந்து 200 டன் அளவுக்கு வரும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, யார் கூலி கொடுப்பது என்பது முதல் விலைப்புள்ளியில் பெரும்பாலும் எழுதப்படாத வரி.